மே மாதம் காலனி ஓட்டம்: வெயிலுக்கு என்ன ஏற்பாடு செய்வது?

சேலையூர் வாசி | ஏப்ரல் 9, இரவு 10:20

வணக்கம். எங்கள் காலனி நலச்சங்கம் மே முதல் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓட்டம் வைத்திருக்கிறது. 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர், பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 2 கிலோமீட்டர். பெயர் கொடுத்தவர்கள் 400 பேரைத் தொட்டுவிட்டார்கள். பாதிப் பேர் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், கொஞ்சம் பேர் ஓய்வு பெற்றவர்கள், வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு மேடவாக்கம், குரோம்பேட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களும் உண்டு. பாதை, பாதுகாப்பு இரண்டும் என் பொறுப்பு.

இப்போதைய திட்டம் இதுதான்: 6 மணிக்குக் கூடுவது, கொஞ்ச நேரம் ஜும்பா, 6:30க்குச் சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைப்பது. மூன்று இடத்தில் தண்ணீர். பக்கத்து கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ், ஒரு முதலுதவிப் பெட்டி, ஓர் ஆம்புலன்ஸ்.

கமிட்டிக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "கத்திரி தொடங்குற நேரத்துல வைக்கிறீங்க. யாராவது சுருண்டு விழுந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "அதான் ஆம்புலன்ஸ் நிக்குதே" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தேதியை மாற்றலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். டி-ஷர்ட்டில் தேதி அச்சாகிவிட்டது, போலீஸ் அனுமதிக்கும் அந்தத் தேதிக்குத்தான் மனு கொடுத்திருக்கிறார்கள். எனவே ஓட்டம் நடக்கத்தான் போகிறது. எதை மாற்ற வேண்டும், எதை வாங்கி வைக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

விடிகாலை ஓட்டம் | ஏப்ரல் 9, இரவு 11:05

முதலில் நேரத்தை மாற்றுங்கள் சார். மே மாதச் சென்னைக்கு 6:30 ரொம்பத் தாமதம். சூரியன் 5:45 வாக்கில் எழுந்துவிடும். 6:30க்குக் கொடியசைத்தால், 10 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பவர் எட்டு மணி வெயிலில்தான் கோட்டைத் தொடுவார். அதுவும் விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்தால்.

செல்போனில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு "28 டிகிரிதானே" என்று இருந்துவிடாதீர்கள். நம் ஊரில் ஆளைச் சாய்ப்பது புழுக்கம். வியர்வை தோலில் காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் தண்ணீரும் உப்பும் போகுமே தவிர, உடம்பு குளிராது. 2019 செப்டம்பரில் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். கிளம்பிய 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. அத்தனை பேரும் நாட்டுக்காக ஓடுகிறவர்கள். வெயிலே இல்லாத நேரத்தில் ஈரக்காற்று செய்த வேலை அது.

அதனால் ஓட்டப் போட்டி நடத்துகிறவர்கள் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவைப் பார்ப்பார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் உள்ள வெப்பமானி காட்டுவதில் 20 சதவீதம், நிழல் வெப்பநிலையில் 10 சதவீதம், மூன்றையும் கூட்ட வேண்டும். இது 28-ஐத் தாண்டினால் சாலை ஓட்டத்தை ரத்து செய், இல்லையென்றால் தள்ளிவை என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம் மே மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். விடியும் முன் 28.5 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் கணக்கு 26.5 பக்கம் நிற்கும். ஏழரை மணிக்கு நிழலில் 31.5, ஈரப்பதம் 68 சதவீதம், வெயிலில் உருண்டை 40 என்றால் 30-ஐ நெருங்கிவிடும். இரண்டே மணி நேரத்தில் "கவனமாக ஓடலாம்" என்பது "ஓடவே கூடாது" என்று ஆகிவிடுகிறது.

5 மணி அல்லது 5:15க்குக் கிளம்பச் சொல்லுங்கள். இருட்டாக இருக்கும், தெருவிளக்கு எரியாத இடத்தில் ஆள் நிறுத்த வேண்டும், தெருநாய்களுக்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். அதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

மணப்பாறைக்காரன் | ஏப்ரல் 10, காலை 6:40

தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் அப்பா எழுபது வயதில் இன்னமும் சித்திரை வெயிலில் காட்டு வேலை பார்க்கிறார். காலையில் நீராகாரம், நடுவில் மோர், அவ்வளவுதான். வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்கு இத்தனை கணக்கு வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அவசரப் பிரிவு சிஸ்டர் | ஏப்ரல் 10, பிற்பகல் 3:15

நான் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் செவிலியர். சில வருடங்களாக ஓட்டப் போட்டிகளின் மருத்துவக் கூடாரத்திலும் நிற்கிறேன். அந்த அம்மா சரியான கேள்வி கேட்டிருக்கிறார். அதற்கு ஆம்புலன்ஸ் பதில் இல்லை சார். ஐஸ்தான் பதில்.

மணப்பாறை அண்ணனுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா இருட்டோடு வேலையைத் தொடங்குவார், வெயில் ஏறினால் மரத்தடிக்கு வந்துவிடுவார், உடம்பு சொல்கிற வேகத்தில்தான் மண்வெட்டி பிடிப்பார். பங்குனியிலிருந்தே வெயில் அவர் உடம்பைப் பழக்கி வைத்திருக்கும். புதிதாகப் பழகுகிற உடம்புக்கே 10 முதல் 14 நாள் வேண்டும். இங்கே ஓட வருகிறவர்கள் ஏ.சி. அறையில் தூங்கி, ஏ.சி. அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு முழு மூச்சில் ஓடுகிறவர்கள். ஓடும் தசை ஓர் அடுப்பு மாதிரி. வேகம் கூடக்கூட எரிவதும் கூடும். அதனால்தான் மாரத்தானைவிட 5, 10 கிலோமீட்டர் ஓட்டங்களைப் பார்த்து நான் அதிகம் பயப்படுகிறேன். குறைந்த தூரம் என்று ஆரம்பத்திலிருந்தே வேகம் பிடித்து ஓடுவார்கள். விழுகிறவர் பெரும்பாலும் தாத்தா இல்லை. முப்பது வயதுப் பையன், கடைசி அரை கிலோமீட்டர்.

ஹீட் ஸ்ட்ரோக் என்றால் உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, அதோடு மூளையும் குழம்புவது. கோபம், உளறல், தள்ளாட்டம், நினைவு தப்புதல், வலிப்பு, எப்படி வேண்டுமானாலும் அது தெரியலாம். வியர்வை நின்று தோல் வறண்டிருக்கும் என்று பலர் படித்திருப்பீர்கள். ஓடி விழுகிறவர்களுக்கு அது பொருந்தாது, சட்டை சொட்டச் சொட்டத்தான் விழுவார்கள். நெற்றியில் காட்டும் வெப்பமானித் துப்பாக்கியையும் நம்பாதீர்கள். வியர்த்த நெற்றியில் அது 37 காட்டும்போது உள்ளே 41 இருக்கலாம். ஆசனவாய் வழியாக அளப்பதுதான் சரியான அளவு. அதற்குத் தெரிந்த ஆளும் கருவியும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அறிகுறியைப் பார்த்தே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

ஒரு போட்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முடிவுக் கோட்டுக்கு ஐம்பது அடி முன்னால் ஒரு பையன் நேராக வராமல் தடுப்புக் கயிற்றைப் பார்த்துப் பக்கவாட்டில் போனான். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிடித்து நிறுத்தி, "எந்த ஊர்ப்பா?" என்று கேட்டேன். தன் போன் நம்பரைச் சொன்னான், அதுவும் ஆறு இலக்கத்தோடு நின்றுவிட்டது. பின்கழுத்தில் கை வைத்தால் சுட்டது. சுற்றி நின்றவர்கள், "வெறும் மயக்கம்தான், ஜூஸ் கொடுங்க" என்றார்கள். ஆம்புலன்ஸ் தம்பி ஸ்ட்ரெச்சரோடு வந்து, "ஏத்திரலாமா சிஸ்டர்?" என்று கேட்டார். "இப்ப ஏத்தக் கூடாது" என்று நானும் டாக்டரும் அவனை அப்படியே ஐஸ் தண்ணீர் டப்பில் இறக்கினோம். உள் வெப்பம் 41-க்கு மேல் இருந்தது. இரண்டு பேர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தலை முங்காமல் பிடித்துக்கொண்டார். கையைக் காலை உதறினான், திட்டினான். கால் மணி நேரம் ஆகும் முன்பே, "அக்கா, குளுருது, விடுங்க" என்று தெளிவாகச் சொன்னான். 39-க்குக் கீழே வந்ததும் வெளியே எடுத்துத் துடைத்து, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கல்லீரல், சிறுநீரகம் பாதித்திருக்கிறதா என்று ரத்தம் பார்க்க மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் குளிர வைப்பது முதலில், கொண்டுபோவது இரண்டாவது. விழுந்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் சூட்டை இறக்கிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாலையை மறித்து ஓட்டம் நடக்கும்போது ஆம்புலன்ஸ் வெளியே போய், மருத்துவமனையில் பதிவு போட்டு, உள்ளே கொண்டுபோவதற்குள் அந்த அரை மணி தீர்ந்துவிடும்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபால்மத் என்ற கடற்கரை ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் 7 மைல் ஓட்டம் நடக்கிறது. அங்கே 18 வருடப் போட்டிகளில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்திருக்கிறது. எல்லோரும் பிழைத்தார்கள். காரணம், மருத்துவக் கூடாரத்திலேயே ஐஸ் தண்ணீர் டப் தயாராக இருந்தது.

உங்களால் செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். குழந்தைகள் விளையாடும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஆள் படுக்கிற அளவு. அது கிடைக்காவிட்டால் பந்தல்காரரிடம் கனமான தார்ப்பாய் ஒன்று வாங்குங்கள். ஆளை நடுவில் படுக்க வைத்து, ஐந்தாறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, உள்ளே ஐஸ் தண்ணீரை ஊற்றி ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும். மீன் மார்க்கெட்டுக்கு வருமே, அந்த ஐஸ் பார் சொல்லி வையுங்கள். அது உடம்புக்கு மட்டும், குடிக்கிற எதிலும் போடக் கூடாது. சாக்கு சுற்றி தெர்மாக்கோல் பெட்டியில் வைத்தால் காலை வரை தாங்கும். பத்துப் பதினைந்து துண்டும் வேண்டும். டப் தயாராகும்வரை ஐஸ் தண்ணீரில் நனைத்துத் தலை, மார்பு, கை, தொடை எல்லாம் மூடி, நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். மறைப்புக்கு நான்கு பெட்ஷீட்டும், கூடாரத்தில் ஒரு பெண் செவிலியரும் கட்டாயம். விழுந்தது பெண்ணாக இருந்தால் "யாராவது லேடீஸ் வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும்.

விழுகிற எல்லோருக்கும் இது தேவைப்படாது. கோட்டைத் தாண்டி நின்றதும் சிலர் சரிவார்கள். ஓட்டம் சட்டென்று நிற்பதால் ரத்தம் காலில் தங்கிவிடும், அவ்வளவுதான். பேச்சு தெளிவாக இருக்கும். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். கோட்டுக்கு முன்னாலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுகிறவரைத்தான் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் அது இதயம். அப்போது ஐஸைப் பற்றி யோசிக்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

குழம்பியிருப்பவர் வாயில் தண்ணீர், ஜூஸ் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. ஓடுவதற்கு முன்னால் முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. உடம்பில் நீர் குறையும் நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பி.டி. மாஸ்டர் | ஏப்ரல் 10, மாலை 6:50

சிஸ்டர் சொன்னதற்கு மேல் மருத்துவம் பேச எனக்குத் தகுதி இல்லை. பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகள் ஓடும்போது வாடுவதைவிட நிற்கும்போதுதான் அதிகம் வாடுகிறார்கள். ஐந்தரைக்கே வேனில் ஏற்றி வந்துவிடுவார்கள், பாதிப் பேர் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வரிசையில் நிற்க வைத்து, விருந்தினருக்குக் காத்திருந்து, வரவேற்புரை, சால்வை, பேச்சு முடிந்த பிறகுதான் விசில். அதற்குள் இரண்டு பேர் முகம் வெளுத்து உட்கார்ந்துவிடுவார்கள். தயவுசெய்து பிள்ளைகள் ஓட்டத்தை முதலில் முடியுங்கள். 2 கிலோமீட்டரை ஒன்றாக்கி, பரிசு, இடம் என்று வைக்காமல் ஓடின எல்லோருக்கும் ஒரே மெடல் கொடுங்கள். பரிசு இருந்தால் ஓரத்தில் நிற்கும் பெற்றோர் "விடாதடா, ஓடு ஓடு" என்று துரத்துவார்கள். அந்தக் குரலுக்குப் பிள்ளை தன் உடம்பு சொல்வதைக் கேட்காது.

இன்னொன்று, ஸ்பான்சர் கொடுக்கும் பாலியெஸ்டர் டி-ஷர்ட்டைப் பிள்ளைகள் வீட்டுச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்வார்கள். ஆசிரியர் ஒருவர் நின்று உள்சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

சேலையூர் வாசி | ஏப்ரல் 11, இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே அச்செடுத்துக் கமிட்டியிடம் கொடுத்தேன். ஐஸ் டப் என்றதும் ஒருவர், "பார்க்கிறவங்க பயந்துருவாங்களே" என்றார். தண்ணீருக்கு எவ்வளவு கேன் சொல்வது என்றும் புரியவில்லை. இன்னொருவர், "நிறையக் குடிக்கச் சொல்லிட்டா எந்தப் பிரச்சினையும் வராது" என்கிறார். சிஸ்டர், இது சரியா?

அவசரப் பிரிவு சிஸ்டர் | ஏப்ரல் 12, காலை 7:10

தண்ணீர் கூடினாலும் ஆபத்து சார். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்பு, குறைந்திருந்தது. தாகத்துக்கு மேல் குடித்துக் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் அது அதிகம். அதே போட்டியில் ஓர் இளம்பெண் அதனாலேயே இறந்துபோனார். தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, அப்புறம் குழப்பம். 5, 10 கிலோமீட்டரில் இது அபூர்வம். ஆனால் மெதுவாக நடந்தே முடிக்கிறவர் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு டம்ளர் குடித்தால் வரலாம். தாகம் எடுத்தால் குடியுங்கள், அவ்வளவு போதும். ஓ.ஆர்.எஸ். வைத்தால் ஒரு பெரிய பாக்கெட்டுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். கையளவில் கலக்க விடாதீர்கள்.

கேன் கணக்கு சுலபம். ஆளுக்கு 200 மில்லி என்றால் 400 பேருக்கு ஒரு மேசையில் 80 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. தலையில் ஊற்றிக்கொள்ள அதே அளவு தண்ணீர் தனி டிரம்மில், சொம்போடு. குடிக்கிற தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றினால் கடைசியில் வருகிறவருக்கு மிஞ்சாது. 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானைப் பாதியில் நிறுத்தினார்கள் இல்லையா, அன்று 31 டிகிரி வெயில், பின்னால் வந்த பலருக்கு மேசையில் தண்ணீரே இல்லை. அதிக நேரம் வெயிலில் இருப்பவரும் கடைசியில் வருகிறவர்தான். அவருக்கென்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேனைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

டப்பைப் பார்த்து ஜனங்கள் பயப்படுவார்கள் என்று சொன்னவரிடம், அது எதற்கு என்று ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிடச் சொல்லுங்கள். போன வாரம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தவர்கள், ராத்திரி தூங்காதவர்கள், மது அருந்தியவர்கள் இன்று ஓட வேண்டாம், நடந்து வாருங்கள், மெடல் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒவ்வாமை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் (பிப்) பின்பக்கம் பெயர், வீட்டு போன் நம்பர், சாப்பிடும் மாத்திரை மூன்றையும் பேனாவால் எழுத வையுங்கள்.

மணப்பாறைக்காரன் | ஏப்ரல் 12, காலை 8:25

சிஸ்டர், விளக்கத்துக்கு நன்றி. என் தம்பி மகன் தாம்பரத்தில்தான் இருக்கிறான், இந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதாக நேற்று போனில் சொன்னான். போன வாரம் முழுக்க அவனுக்கு வயிற்றுப்போக்கு. உங்கள் பதிவை அனுப்பிவிட்டேன். ஓட வேண்டாம், துண்டு நனைக்கிற வேலைக்குப் போ என்று சொல்லியிருக்கிறேன்.

சேலையூர் வாசி | ஏப்ரல் 16, இரவு 10:45

முடிவாகிவிட்டது. பிள்ளைகள் ஒரு கிலோமீட்டர் 5 மணிக்கு, பரிசு கிடையாது. 5 கிலோமீட்டர் 5:20க்கு. 10 கிலோமீட்டரை எடுத்துவிட்டோம், பெயர் கொடுத்தவர்களில் சிலருக்கு வருத்தம்தான். விருந்தினர் பரிசளிப்புக்கு மட்டும் வந்தால் போதும் என்று கேட்டோம், அவரும் உடனே சரி என்றுவிட்டார். 6:30க்குப் பாதையை மூடிவிடுவோம், மீதம் இருப்பவர்களை வேனில் ஏற்றிவிடலாம். டபிள்யூ.பி.ஜி.டி. கருவி ஒரு நண்பரிடம் கிடைக்கிறது. 28-ஐத் தொட்டால் நிறுத்துகிற அதிகாரம் டாக்டருக்கு மட்டும் என்று எழுதியே வாங்கிவிட்டேன். ஐஸ் பார் சொல்லியாயிற்று. பக்கத்து மருத்துவமனைக்கும் நேரில் போய்த் தகவல் சொல்லிவிட்டோம். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

அவசரப் பிரிவு சிஸ்டர் | ஏப்ரல் 17, காலை 6:55

ரொம்ப நல்ல முடிவு சார். அந்த அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

டப்பை முடிவுக் கோட்டிலிருந்து பத்தடிக்குள், நிழலில் போடுங்கள். தண்ணீரை முதலிலேயே நிரப்பிவிட்டு, ஐஸை உடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் ஆள் வருவதற்குச் சற்று முன்னால் போட்டால் போதும். ஐஸ் உடைக்கிறவரை 4 மணிக்கே வரச் சொல்லுங்கள். கட்டை, சாக்கு அவரே கொண்டுவருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் தன்னார்வலர் ஒருவரைப் படுக்க வைத்து, தூக்கி டப்பில் இறக்கி, மறுபடி தூக்கிப் பாருங்கள். ஈரமான ஆளைத் தூக்க நான்கு பேர் வேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரியும். அப்புறம், டப்பில் ஐஸ் கிடப்பதைப் பார்த்ததும் யாராவது கூல்டிரிங்ஸ் பாட்டில்களைக் கொண்டுவந்து உள்ளே போடுவார்கள். அதைத் தடுப்பதற்கென்றே ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள்.